பால் கட்டு என்று விடப்படும் கட்டி

பிள்ளை பெற்றவளின் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கு யோசனையே வேண்டியதில்லை. பால் கட்டிக்கொண்டது என்பார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். குழந்தையை அந்தப் பக்கமே போட்டுக் குடிக்க விடச் சொல்வார்கள். பாலை வற்றவைக்க வேண்டுமென்றால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பால் சுரப்பைக் குறைப்பதில் மல்லிகைப்பூ புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு ஈடுகொடுத்திருக்கிறது. ஆனால் ஒத்தடமும் பூவும் பாலுக்கான வைத்தியம். அந்தக் கட்டி பாலால் வந்ததுதானா என்று அவை சொல்லாது.

கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் தென்படும் கட்டிகளில் ஐந்தில் நான்கு தீங்கற்றவை. ஆகவே பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் பலித்துவிடுகிறது. பலிக்காத ஒருத்திக்கு மாதங்கள் வீணாகின்றன. 3,000 முதல் 10,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் இந்தக் காலத்து மார்பகப் புற்றுநோய் வருவதாக வெளிநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் பிரசவம் நடக்கும் தமிழ்நாட்டில் குறைந்தது எண்பது பெண்கள், கூடினால் இருநூற்றைம்பதுக்கும் மேல். இதில் பிரசவத்துக்குப் பிறகு வரும் ஓராண்டும் சேர்த்தி. அந்த ஓராண்டு போதாது, ஐந்தாண்டாவது கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்கள் இதை ஆராய்பவர்கள்.

தாய்ப்பால் கொடுத்தால் மார்பகப் புற்றுநோய் வராது என்று மேடைதோறும் சொல்லிப் பழகிவிட்டோம். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கு இன்னும் அடக்கமானது: 12 மாதம் பாலூட்டினால் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது. குறைகிறது, அவ்வளவே. அதுவும் வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு. பிரசவத்தை ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. சுமார் 8.9 லட்சம் பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், பிள்ளை பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. கடைசிப் பிரசவத்துக்கு ஐந்தாண்டு கழித்து அது உச்சத்தைத் தொட்டது. பிள்ளைப்பேறு தரும் பாதுகாப்பு தெரியவர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. பதற வேண்டியதில்லை: 50 வயதுக்குள் நோய் வந்தவர்கள் பிள்ளை பெறாதவர்களில் 1.9 சதவீதம், பெற்றவர்களில் 2.2 சதவீதம். ஆனால் பால் கொடுப்பவளுக்கு வராது என்று நம்பிக் கட்டியை விட்டுவைக்க இந்தக் கணக்கில் இடமில்லை.

பால் சுரப்பு நின்றதும் மார்பகம் பழைய அளவுக்குச் சுருங்கும். பால் சுரந்த செல்கள் மடிந்து, காயம் ஆறும்போது நடப்பதைப் போன்ற அழற்சி உண்டாகிறது. கொலாஜன் இழைகள் பெருகுகின்றன. ஏற்கெனவே சில புற்றுச் செல்கள் அங்கே இருந்தால், இந்தச் சூழல் அவை பரவ வழிவிடுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் பெப்பர் ஷெடினும் வர்ஜினியா போர்ஜஸும் எலிகளில் விரிவாகக் காட்டினர். கொலராடோவில் நடந்த ஆய்வு ஒன்றில், பிரசவமாகி ஐந்தாண்டுக்குள் நோய் தெரியவந்தவர்களுக்கு அது வேறு உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு, பிள்ளை பெறாதவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

தாமதத்துக்கு வீட்டை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கர்ப்பத்தில் மார்பகம் ஏறக்குறைய இரட்டிப்பு எடையாகி இறுகுவதால், தேர்ந்த கைக்கும் சிறு கட்டி புலப்படாது. மாதாந்தரச் செக்கப்பில் எடை, பிரஷர், சுகர், வயிற்றளவு எல்லாம் அட்டையில் ஏறும். மார்பகத்துக்கு ஒரு கட்டம் இருந்தாலும் அது பரிசோதிக்காமலே நிரப்பப்படும் என்பது என் சந்தேகம். இன்னொரு கண்ணி, காய்ச்சலோடு மார்பு சிவந்து வீங்குவது. பால் கொடுப்பவளுக்கு அது பெரும்பாலும் கிருமித்தொற்றுதான். ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்தும் சிவப்பு போகாமல், தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாக இருந்தால், இன்னொரு கோர்ஸ் எழுதுவது விடையாகாது. அழற்சி வகைப் புற்றுநோய் இதே வேஷத்தில்தான் வரும்.

கண்டுபிடித்தால் பிள்ளையைக் கலைக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் மறைப்பவர்களும் உண்டு. கருவைக் கலைப்பதால் தாயின் ஆயுள் கூடுவதாகச் சான்று இல்லை. அறுவை சிகிச்சையைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் செய்யலாம். முதல் மூன்று மாதம் கழிந்தபின் குறிப்பிட்ட கீமோ மருந்துகளைக் கொடுக்கலாம். பிரசவத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு நிறுத்திவிடுவார்கள். ரேடியேஷனும், டமாக்ஸிஃபென், டிராஸ்டுசுமாப் என்ற மருந்துகளும் பிரசவத்துக்குப் பிறகுதான். தாய்க்குக் கர்ப்பத்தில் புற்றுநோய் இருந்த 129 குழந்தைகளை பெல்ஜியத்தின் ஃப்ரெடரிக் அமான்ட் குழுவினர் தொடர்ந்து கவனித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் 96 பேர் கருவிலேயே கீமோவைச் சந்தித்தவர்கள். இதயத்திலோ அறிவு வளர்ச்சியிலோ மற்றக் குழந்தைகளோடு வேறுபாடு தெரியவில்லை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கலோடு தொடர்புடையதாகத் தெரிந்தது குறைமாதப் பிறப்பு. சிகிச்சையைத் தொடங்கப் பிரசவத்தை முன்கூட்டியே வரவழைக்கும் அவசரம் சில நேரம் கீமோவைவிடக் கெடுதல் செய்யும்.

பால் கட்டு ஓரிரு நாளில் இளகத் தொடங்கும். இரண்டு வாரம் கடந்தும் நிற்கிற கட்டியை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட வேண்டும். அதில் கதிர்வீச்சே கிடையாது. தேவைப்பட்டால் வயிற்றை மறைத்து மேமோகிராமும் எடுக்கலாம். சந்தேகமிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுப் பருமனான ஊசியால் சதைத் துணுக்கை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். இதற்காகப் பால் மறக்கடிக்க வேண்டியதில்லை. கீமோ தொடங்கினால் நிறுத்த வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை இந்தக் காலத்தில் ஏமாற்றக்கூடும், ஏனென்றால் பால் சுரக்கும் செல்கள் மைக்ராஸ்கோப்பில் புற்றுச் செல்களின் சாயலில் தெரியும். ஆகவே பயாப்ஸிச் சீட்டில் எத்தனை மாதக் கர்ப்பம், அல்லது பாலூட்டுகிறாரா என்பதை மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதவில்லையென்றால் லேபில் ஸ்லைடைப் பார்ப்பவருக்கு அது தெரிய வேறு வழியில்லை.