லாரிச் சரக்கும் தார்ப்பாயும்



பினாங்குப் பாலத்தில் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர் பால்மரம் வெட்டினார்கள். பிள்ளைகள் 1972-ஆம் ஆண்டில் உருவான பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. அந்த லாரிகளிலும் நம்மவர்கள் ஓட்டுநர்களாகவும் கெலிண்டான்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே, லாரியில் ஏற்றிய சரக்கை எப்படிக் கட்டுவது, எதைக் கொண்டு மூடுவது என்பது முதலாளிக்கு மட்டும் உரிய கவலையன்று. அது நம் வீட்டுக் கவலையுங்கூட. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஜார்ஜ் டவுன் துறைமுகத்தால் வளர்ந்த பட்டணம். கப்பல்கள் நடுக்கால்வாயில் நங்கூரமிட்டு நிற்கும். வெல்டு கீ கரையிலிருந்து தொங்கான்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்கும். கரைவரைக்கும் சரக்கைக் கொண்டுவந்தவை மாட்டு வண்டிகள். அவற்றை ஓட்டியவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்து மூடி ஓலைதான். மெங்குவாங் ஓலையால் முடைந்த பாயை மலாய்க்காரர்கள் காஜாங் என்பார்கள். நம் ஊர்க் கூண்டு வண்டியின் பாயும் அதே இனந்தான்.

பிறகு வந்தது தார்ப்பாய். கப்பல்காரர்கள் கித்தான் துணியில் தாரைப் பூசித் தண்ணீர் புகாதபடி செய்தார்கள். டார்பாலின் என்ற ஆங்கிலச் சொல்லிலும் முதலில் நிற்பது தார்தான். இன்றைக்குத் தார் பூசுவதில்லை. பாலியெஸ்டர் துணியின்மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுக்கிறார்கள். ஆனால் நாம் இன்னும் தார்ப்பாய் என்றே சொல்லிவருகிறோம்.

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே 1894-ஆம் ஆண்டிலிருந்து ஃபெரி ஓடுகிறது. 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. 2014-இல் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு இரண்டாவது பாலம் வந்தது. 2020-ஆம் ஆண்டு முடியும்வரை ஃபெரிகள் நான்கு சக்கர வாகனங்களையும் ஏற்றிச் சென்றன. இன்று லாரிகள் எல்லாம் பாலத்தின் வழியாகத்தான் போகவேண்டும். கடல்மேல் ஓடும் பாலத்தில் மரமில்லை, மறைப்பில்லை. காற்று நேராக வந்து சரக்கின்மீது மோதும்.

சரக்குக்குப் பகைவர்கள் நான்கு: மழை, வெயில், காற்று, குலுக்கல். பினாங்கில் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை அதிகம். காலையில் வெயில் காய்ந்திருக்கும். மாலையில் கொட்டித் தீர்த்துவிடும். புறப்படும்போது வானம் வெளுத்திருக்கிறது என்று பாயை மடித்து வைத்துவிட்டுப் போகிறவர் ஏமாந்து போவார்.

நமக்குத் தெரிந்த ரப்பரையே எடுத்துக்கொள்வோம். புகையில் உலர்த்திய ஷீட்டு ரப்பரை ஐந்து தரமாகப் பிரிப்பார்கள். ஷீட்டு நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்தால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலை இறங்கும். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, உறைய வைத்து, உருட்டி, புகைக்கொட்டகையில் உலர்த்திய உழைப்பு, சாலையில் பெய்யும் அரைமணி நேர மழையில் குறைந்துபோகிறது. 1965-இல் மலேசியத் தரக்கட்டுப்பாட்டு ரப்பர் அறிமுகமானது. அப்போதிலிருந்து ரப்பரை 33.3 கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பும் முறை பரவியது. பண்டத்துக்கு உறை எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எல்லாச் சரக்குக்கும் ஒரே மூடி பொருந்தாது. செம்பனைக் குலைக்கு வலைதான் ஏற்றது. பழம் மழைக்கு அஞ்சுவதைவிடக் காற்றோட்டமில்லாத புழுக்கத்துக்கு அஞ்சும். அடிபட்டுத் தேங்கிய பழத்தில் எண்ணெயின் தரம் கெடுவதால், வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் வலை கட்டாயம் வேண்டும். ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். அது ஓடுகிற லாரியிலிருந்து சாலையில் விழுந்தால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளின் கதி என்ன? உதிர்ந்த பழங்கூடச் சக்கரத்தில் நசுங்கி எண்ணெய் கசிந்து சாலையை வழுக்கலாக்கிவிடும். மணலுக்கும் சல்லிக்கும் நெருக்கமாக நெய்த வலை அல்லது பாய் தேவை. ரப்பர், காகிதம், சிமெண்டு, மாவு, இயந்திரம் இவற்றுக்குத் தண்ணீர் புகாத தார்ப்பாய் தேவை.

இனி, பக்கச் சட்டமில்லாத தட்டை டிரெய்லரைப் பார்ப்போம். பாரந்தூக்கி எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து ஏற்றலாம், இறக்கலாம் என்பது அதன் வசதி. நான்கு புறமும் திறந்து கிடப்பது அதன் குறை. இதில் எல்லாரும் மனத்தில் பதிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தார்ப்பாய் கூரை, கயிறன்று. பாயை இறுக்கி மூடிவிட்டால் சரக்கு நகராது என்று நினைப்பது பெரிய ஆபத்து. திடீரென்று பிரேக் போட்டால், சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று கொண்டுதான் கட்ட வேண்டும் என்பது சரக்குக் கட்டுவோர் கடைப்பிடிக்கும் கணக்கு. அதாவது, 10 டன் சரக்கை 8 டன் விசை முன்னே தள்ளும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசைக்குப் பாதி எடையைக் கணக்கில் கொள்வார்கள். பாயின் ஓரத்துப் பித்தளைக் கண்கள் இதைத் தாங்குமா? ஆகவே முதலில் சங்கிலியாலோ நைலான் பட்டையாலோ சரக்கை டிரெய்லரோடு சேர்த்துக் கட்டவேண்டும். கட்டி முடித்த பிறகே மூடவேண்டும்.

மூடும் முறையை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, அடிப்பலகை. சரக்கு நேரே தட்டின்மேல் உட்காரக்கூடாது. கீழே கட்டைகளைப் போட்டு உயர்த்தினால், தட்டில் ஓடும் தண்ணீர் சரக்கைத் தொடாமல் வடிந்துவிடும்.

இரண்டாவது, மேல்பக்கம். நடுவில் சற்று உயரமாக அடுக்கி, வீட்டுக் கூரைபோல் இரு பக்கமும் சரியும்படி செய்யவேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 10 கிலோ. குழி விழுந்த இடத்தில் 10 சென்டிமீட்டர் தேங்கினால் 100 கிலோ. அந்த எடை பாயைக் கிழிக்கும்.

மூன்றாவது, கூர்மையான முனைகள். பெட்டி முனையிலும் இரும்பு விளிம்பிலும் பழைய டயர்த் துண்டையோ கோணியையோ வைத்துவிட்டுப் பாயைப் போட வேண்டும்.

நான்காவது, இரண்டு பாய்கள் போடும்போது முதலில் பின்பக்கத்துப் பாயை விரிக்க வேண்டும். பிறகு முன்பக்கத்துப் பாயை அதன்மேல் ஒரு மீட்டராவது ஏறும்படி போடவேண்டும். ஓடு வேய்கிறவர் கீழ் வரிசையை முதலில் வைத்து, மேல் வரிசையை அதன்மேல் ஏற்றுவதைப் போன்றதுதான் இது. மாற்றிப் போட்டால் முன்னால் வரும் காற்று இணைப்பின் வாயில் புகுந்து பாயைத் தூக்கிவிடும்.

ஐந்தாவது, கட்டு. வேகம் இரட்டிப்பானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் அடங்கிக் கிடக்கும் பாய், 80 கிலோமீட்டரில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளும் பாய் கண்ணில் கிழியும். பழைய டியூபை வெட்டிய ரப்பர்ப் பட்டையைக் கண்ணிலும் கொக்கியிலும் மாட்டினால், குலுக்கலுக்கு ஏற்ப நீண்டு சுருங்கிப் பாயை எப்போதும் இறுக்கமாக வைத்திருக்கும்.  சற்றுத் தூரம் ஓடிய பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, கட்டுகளை மறுபடியும் இறுக்குவது நல்ல ஓட்டுநரின் வழக்கம்.

ஆறாவது, ஈரம். நனைந்த சரக்கை அப்படியே இறுக்கி மூடக்கூடாது. வெயில் ஏறினால் உள்ளே ஆவி எழும்பி, இரவில் குளிர்ந்து, பாயின் அடியில் வியர்த்துச் சரக்கின்மேல் சொட்டும். வெளியே மழையே இல்லாமல் உள்ளே நனைந்துபோவது இப்படித்தான். போய்ச் சேர்ந்ததும் பாயைத் திறந்து காற்று விடவேண்டும்.

அடுத்து, மூடுகிற மனிதனின் பாதுகாப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்கின் நீளம் 12 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், உயரம் 2 மீட்டர். இரு பக்கமும் தொங்க, பாயின் அகலம் 6.4 மீட்டர் வேண்டும். முன்னும் பின்னும் தொங்க, நீளம் 16 மீட்டர் வேண்டும். பரப்பு சுமார் 102 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 650 கிராம் எடையுள்ள துணி என்றால், மொத்தம் சுமார் 66 கிலோ. இதைத் தோளில் சுமந்து ஒருவர் மேலே ஏறுகிறார். டிரெய்லர் தட்டு ஒன்றரை மீட்டர், சரக்கு இரண்டு மீட்டர். ஆக மூன்றரை மீட்டர் உயரத்தில், மழையில் வழுக்கும் பாயின்மேல், பின்னோக்கி நடந்து விரிக்கிறார். காற்று ஒரு மூலையைத் தூக்கினால் பாய் படகுப் பாயாக மாறி அவரைத் தள்ளிவிடும்.

ஆகவே, சுருட்டிய பாயைப் பாரந்தூக்கியால் மேலே வைத்து, இரு பக்கமும் தரையில் நிற்பவர்கள் கயிற்றால் இழுத்து விரிப்பதே நல்லது. தனி ஆளாக இந்த வேலையில் இறங்கக்கூடாது. பலத்த காற்றிலும் மின்னலிலும் மேலே ஏறவே கூடாது.

இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் கழற்றி மாட்டும் மூடிகள் வந்தன. வளைவுக் கம்பிகளின்மேல் பாயைப் பொருத்தி, தண்டவாளம்போன்ற பட்டையில் உருளை வைத்து, ஆர்மோனியத் துருத்தி மடிவதுபோல் முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள். ஏற்றும்போது ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம்; தேவையானால் சட்டத்தோடு கழற்றியும் வைக்கலாம். இன்னொரு வகையில் பக்கங்கள் திரைச்சீலைபோல் ஓடும். மணல் லாரிகளில் கைப்பிடியைச் சுற்றினால் விரியும் வலை உண்டு. இவற்றின் விலை அதிகந்தான். ஆனால் யாரும் மேலே ஏறவேண்டியதில்லை. விலையைக் கணக்கிடும்போது ஓர் ஆள் விழுந்து இடுப்பொடிந்தால் அந்தக் குடும்பம் படும் பாட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இப்படிப்பட்ட மூடியிலும் சரக்கை உள்ளே தனியாகக் கட்டத்தான் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

லாரியோடு நேரடித் தொடர்பில்லாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. பாய் அவிழ்ந்து பறக்கும் லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை ஒட்டி ஓட்டக்கூடாது. விலகித் தூரத்தில் வரவேண்டும். சரக்கின்மேலோ, பாயின் அடியிலோ யாரும் உட்கார்ந்து பயணம் செய்யக்கூடாது. வீட்டில் லாரி ஓட்டுகிறவர் இருந்தால், வேலைக்குப் புறப்படும்போது சாப்பாட்டைக் கொடுத்தோம், தண்ணீரைக் கொடுத்தோம் என்பதோடு, "கட்டுகளைப் பார்த்துவிட்டு எடுங்கள்" என்று ஒரு வார்த்தையும் சொல்லலாம்.

முதலில் கட்டு, பிறகு மூடு, வழியில் ஒருமுறை நிறுத்திப் பார். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் சரக்கும் ஊர் போய்ச் சேரும். கொண்டுபோனவரும், பின்னால் வந்தவரும் வீடு வந்து சேருவார்கள்.