நெடுநாள் நின்ற மோட்டார் வண்டியும் எண்ணெய்க் கசிவும்

மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் வைக்கோற்போருக்கு அருகே, கொட்டகையில் ஆண்டுக்கணக்காக அசையாது நிற்கும் அம்பாசிடர் வண்டியை மறுபடி ஓட்ட முற்படுவோர்க்கு முதலில் நேரும் தொல்லை எண்ணெய்க் கசிவாகும். கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டில் இவ்வண்டியின் உற்பத்தி நின்றது. பழைய பெட்ரோல் வண்டிகளில் உள்ளது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, இங்கிலாந்து நாட்டு இயந்திரம்.

கசிவைக் கண்டவுடன் ஸ்பானரை எடுத்து, அடியிலுள்ள சம்பின் போல்ட்டுகளை முறுக்குவது வழக்கமாயிருக்கிறது. இது தவறு. சம்பு தகட்டினால் செய்யப்பட்டது. முறுக்க முறுக்க, துளைகளைச் சுற்றித் தகடு மேலே வளைந்து, இடையிலுள்ள பகுதி விலகி நிற்கும். தக்கைப் பாக்கிங்கோ கோடை வெப்பத்தில் உலர்ந்து சுருங்கியிருக்கும். சம்பைக் கழற்றி, விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்திப் புதுப் பாக்கிங் இடுவதே முறை. இயந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள டாப்பெட் மூடிகளுக்கும் இதுவே பொருந்தும்.

பாக்கிங் புதிதாயினும் கசிவு நிற்காதிருப்பதுண்டு. அப்போது பிரீதர் என்னும் ஆவிப்போக்குக் குழாயைப் பார்க்கவேண்டும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும் புகை அதன் வழியாகவே வெளியேறுகிறது. கொட்டகை வண்டியில் அக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருத்தல் வியப்பன்று. போக்கிடமில்லாத புகை, எண்ணெயைக் கிடைத்த இடுக்கெல்லாம் தள்ளும். இரண்டணாக் கம்பி வேலைக்காக இயந்திரத்தையே இறக்கியவர்களும் உளர்.

கிளப்புவதற்கு முன் பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றுக. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஹாண்டிலால் மெல்லச் சுற்றுக. பிறகு சிறிது நேரம் ஓடவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஈரம் காணும் இடங்களுள் மிக உயரத்திலுள்ளதைத் தேடுக. எண்ணெய் வழிந்து கீழே சொட்டுவதால், சொட்டும் இடம் கசியும் இடமாக இராது.

இவ்வியந்திரத்தின் பின்கோடியில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம், சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்புகிறது. நின்றபின் அதற்கு வேலையில்லை. ஆகவே சரிவில் நிறுத்திய வண்டி நாலைந்து துளி சொட்டினால் செலவு செய்யவேண்டியதில்லை. எண்ணெய் கிளச்சுத் தட்டை நனைத்து, அது வழுக்கினாலோ, இயந்திரத்தை இறக்கியே தீரவேண்டும்.

சக்கரத்தின் உட்புறம் காணும் ஈரம் வேறு வகையைச் சேர்ந்தது. அது பிரேக் திரவமாயின் வண்டியைத் தெருவுக்குக்கூடக் கொண்டுவரலாகாது. அத்திரவம் ஈரத்தை ஈர்ப்பதால் பிரேக் சிலிண்டர் துருவேறி ரப்பரைக் கிழித்துவிடும். புது ரப்பர் வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் மிகக் கேடானது. அவை ஊதி, பிரேக்கு பிடித்தபடி நிற்கும் அல்லது பிடிக்காமலே போகும். பிரேக் திரவத்தால் மட்டுமே அவற்றை நனைத்துப் பூட்டுக. பின்னர் மிதியை அழுத்திப் பிடித்திருக்கையில் அது மெல்ல உள்ளே இறங்குமாயின், வேலை இன்னும் முடியவில்லை.