சாப்பாட்டு அறையில் வெளிச்சம் போதுமா?

"சாப்பாடே இறங்கல டாக்டர்" என்று ஒரு பெரியவர் வந்தார். நாடியில் குறையில்லை. துருவிக் கேட்டதும், "மீன் முள்ளு கண்ணுக்குத் தெரியல. பயந்து பாதியிலேயே எழுந்திடறேன்" என்றார். பழைய மச்சு வீடு. முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரே ஒரு டியூப் லைட். அவர் நிழலே தட்டில் விழுகிறது!

60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே வீட்டில் மூத்தவர் கண்ணுக்கு ஏற்ற விளக்காகப் பாருங்கள்.

சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே, இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில், பல்பு கண்ணில் குத்தாதபடி மூடியுள்ள தொங்கு விளக்கு நல்லது. 9 வாட் எல்.இ.டி. பல்பு, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். இளமஞ்சள் ஒளியாக வாங்குங்கள். மேஜைக்கு மேல் மின்விசிறி இருக்கிறதா? எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு விளக்கு போடுங்கள், நிழல் விழாது.

பழைய வீடுகளில் எர்த் கம்பி இல்லாமலிருக்கலாம். உலோக விளக்கு மாட்டுமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்கு மாற்றியும் மங்கலா? கண்புரையா என்று கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் பெரியவருக்கு அந்தத் தேவை வரவில்லை. விளக்கை மாற்றினார்கள், இப்போது மறுசோறு கேட்கிறாராம்!