தமிழ் மின்னஞ்சல் முகவரியும் பழைய அஞ்சல் வழங்கிகளும்

மின்னஞ்சலின் செய்தியும் பொருள்வரியும் தமிழில் அமைதல் இன்று இயல்பு. எனவே முகவரியும் தமிழில் அமைந்தால் இடரின்றிச் சென்றுசேரும் என்று கருதப்படுகிறது. ஆனால் இரண்டின் அடிப்படையும் வேறு. பொருள்வரித் தமிழ், மைம் முறைப்படி ஆஸ்கி எழுத்துகளாகக் குறியேற்றம் பெற்றுச் செல்கிறது. இடைப்பட்ட வழங்கி அதன் பொருளை அறிய வேண்டியதில்லை. முகவரியையோ வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் ஏற்றாக வேண்டும். 1982ஆம் ஆண்டின் எஸ்எம்டிபி நெறிமுறை அதனை ஆஸ்கி எழுத்துகளுக்குள் நிறுத்தியது.

முகவரியின் வலப்பக்கமான களப்பெயருக்கு 2003இல் வழி பிறந்தது. '.இந்தியா', '.இலங்கை' போன்றவை புனிகோடு முறையில் ஆஸ்கியாக மாற்றப்படுவதால் பழைய வழங்கியும் அவற்றைக் கையாளும். இடப்பக்கத்துப் பயனர்பெயருக்கு இவ்வழி இல்லை. அதனைப் பொருள்கொள்ளும் உரிமை பெறும் வழங்கிக்கே உண்டு. சோதனையாக முன்மொழியப்பட்ட 'தாழ்மாற்ற' முறையும் கைவிடப்பட்டது. 2012இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6531, எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்னும் நீட்சியை வகுத்தது. எதிர்வழங்கி இந்நீட்சியை அறிவிக்காவிடில் அஞ்சல் அனுப்பியவருக்கே திரும்பும். இதில் பெரிதும் கவனிக்கத்தக்கது வேறொன்று: தமிழ் முகவரியாளர், ஆங்கில முகவரியுடைய ஒரு கல்லூரிக்கு எழுதினாலும், அக்கல்லூரியின் வழங்கி பழையதாயின் அஞ்சல் சேராது. அனுப்புநர் முகவரியும் வழங்கிகளுக்கிடையே கூறப்படுவதே காரணம்.

நீளமும் ஒரு தடை. பயனர்பெயரின் உச்சவரம்பு 64 பைட்டுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பெறும். 'கு' என்னும் ஓரெழுத்து இரு குறியீடுகளாதலின் ஆறு பெறும். புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள வணிகர் ஒருவர் 'புளியங்குடி.எலுமிச்சை' என்று பயனர்பெயர் அமைத்தால் 33, 1, 27 என 61 பைட்டுகள் ஆகும். அதனுடன் 'கடை' என்று சேர்த்தாலே வரம்பு மீறும்.

'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டச்சிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சீர்மைப்படுத்தாத வழங்கிக்கு இரு வேறு முகவரிகள்.

ஜிமெயில் 2014இலும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015இலும் இந்நீட்சியை ஏற்றன. ஆயினும் புதுப்பிக்கப்படாத வழங்கிகள் உள்ளவரை ஆங்கில மாற்றுமுகவரி ஒன்றும் தேவை. அதிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது: புளியங்குடியின் 'ங்கு'வை உரோமன் எழுத்தில் 'என்ஜி' இட்டு எழுதுவாரும் 'என்கே' இட்டு எழுதுவாரும் உளர்.