காற்றை வரைந்து பார்த்த விமானிகள்

கடலுக்கு மேலே பறக்கும் விமானிக்கு வழி கேட்க ஆளும் இல்லை, அடையாளத்துக்கு ஊரும் இல்லை. விமானப் பயணத்தின் தொடக்க காலத்தில் துணை என்றால் பெரும்பாலும் திசைகாட்டி, கடிகாரம், வேகமானிதான். மூன்றும் சரியாக இருந்தாலும் காற்று ஏமாற்றிவிடும். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் போகும் விமானத்தை 20 நாட் காற்று குறுக்கே தள்ளினால், ஒரே மணி நேரத்தில் 37 கிலோமீட்டர் ஒதுங்கிப் போயிருக்கும்.

1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்த சார்லஸ் லிண்ட்பர்க், முடிந்த வேலையைத் தரையிலேயே முடித்துக்கொண்டார். உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதை, நோமோனிக் சார்ட்டில் நேர்கோடாக விழும். அதை, திசை அளக்க வசதியான மெர்கேட்டர் சார்ட்டுக்கு மாற்றி, 100 மைலுக்கு ஒரு புள்ளி வைத்து, அங்கங்கே திசையைக் குறித்துக்கொண்டார். 33½ மணி நேரப் பயணத்தில் அயர்லாந்துக் கரையைத் தொட்டபோது, பாதையை விட்டு அதிகம் விலகியிருக்கவில்லை.

ஆனால் காற்றை முன்கூட்டியே வரைந்து வைக்க முடியாது. விமானத்தின் வேகம், காற்றின் வேகம், தரைக்கு மேல் நகரும் வேகம் மூன்றையும் கோடுகளாக்கி முக்கோணம் போட்டால், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற விடை கிடைக்கும். குலுங்கும் காக்பிட்டில் அளவுகோல் பிடித்து அதை வரைவது யார்?

அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிலிப் டால்டன் 1930களில் இதற்கு வழி கண்டார். அவர் செய்த கருவியில் ஒரு பக்கம் கணக்குப் போட வட்ட வடிவ ஸ்லைடு ரூல், மறுபக்கம் சுழலும் ஒளிபுகும் தட்டு, அதன் அடியில் நகரும் கட்டப் பலகை. வடக்கிலிருந்து 20 நாட் காற்று என்றால், தட்டில் வடக்கை மேலே திருப்பி, மையத்திலிருந்து 20 அளவு மேலே பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். போக வேண்டிய கிழக்கை மேலே திருப்பினால் புள்ளி இடப்பக்கம் வந்துவிடும். புள்ளி, விமானத்தின் வேகமான 100 என்ற வளைகோட்டில் உட்காரும்வரை பலகையை நகர்த்தினால், மையத்தில் தரைவேகம் 98 நாட். மூக்கை இடப்பக்கம் சுமார் 11½ பாகை திருப்ப வேண்டும் என்பதைப் புள்ளி நிற்கும் கோடே சொல்லிவிடும்.

அமெரிக்க ராணுவத்தில் இந்தக் கருவி 1940இல் ‘ஈ-6பி’ என்ற பெயரில் புழக்கத்துக்கு வந்தது. டால்டன் மறு ஆண்டே விமான விபத்தில் இறந்தார். அவருடைய கருவி இரண்டாம் உலகப் போரில் விமானிகளோடு பறந்தது.

பயிற்சி விமானிகள் இன்றும் இதைக் கற்கிறார்கள். பேட்டரி வேண்டாம் என்பது மட்டுமல்ல காரணம். காற்றுத் திசையைத் தலைகீழாகப் போட்டால் கால்குலேட்டர் கூசாமல் ஒரு விடை தரும். இதிலோ புள்ளி தப்பான பக்கம் நிற்பது பார்த்ததுமே தெரியும்.