80சி பாலிசியில கையெழுத்து போடும் முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

ஜனவரி, பிப்ரவரி வந்தாலே ஆபீஸ்ல "இன்வெஸ்ட்மென்ட் புரூஃப் குடுங்க"ன்னு மெயில் வரும். கூடவே தெரிஞ்ச ஏஜென்ட் அண்ணன் ஒருத்தர், "வருஷம் ஒன்றரை லட்சம் கட்டுங்க தம்பி, டாக்ஸ் மிச்சம்"னு பாலிசியோட வருவார். கையெழுத்து போட்டா 15, 20 வருஷம் கட்டணும். அதனால உங்களுக்கு வரி வருதான்னு முதல்ல பார்த்துடுவோம்.

கழிவுகள் மாறின கதை

2005 பட்ஜெட்ல அப்போதைய நிதியமைச்சர், நம்ம பக்கத்து சிவகங்கை எம்.பி. ப.சிதம்பரம், 1 லட்சம் வரம்போட 80சி-யைக் கொண்டு வந்தார். அதே பட்ஜெட்ல நிலையான கழிவு போயிடுச்சு. 2014-ல 80சி வரம்பு 1.5 லட்சம் ஆச்சு. அதுக்கப்புறம் ஏறவே இல்ல. நிலையான கழிவு 2018-ல 40,000 ரூபாயா திரும்பி வந்து, 2019-ல 50,000 ஆச்சு. 2024 ஜூலையில புதிய வரி முறைக்கு மட்டும் 75,000.

2025 பட்ஜெட்லதான் பெரிய மாற்றம். புதிய முறையில 12 லட்சம் வரை வரி இல்ல. சம்பளக்காரங்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்தா 12.75 லட்சம்.

ஒரு கணக்கு

விராலிமலையில வேலை, வருஷ சம்பளம் 9 லட்சம், அதுல பேசிக் 4.5 லட்சம், மாச வாடகை 8,000ன்னு வைங்க.

பழைய முறை: நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், வாடகைப்படி விலக்கு 51,000 (வாடகை 96,000-ல பேசிக்கோட 10% போக). மீதி 6.49 லட்சம். செஸ்ஸோட வரி 43,992 ரூபாய்.

புதிய முறை: 75,000 கழிச்சா 8.25 லட்சம். வரி பூஜ்யம்!

அதாவது ஒன்றரை லட்சத்தை முடக்கியும் 43,992 கட்டுறீங்க. எதையும் முடக்காம இருந்தா ஒரு பைசா வரி கிடையாது.

15 லட்சம் சம்பளம்னா? மொத்தக் கழிவு சுமார் 5.94 லட்சத்தைத் தாண்டினாதான் பழைய முறை லாபம். வீட்டுக்கடன் வட்டி, வாடகை எல்லாம் பெருசா இருக்கறவங்க மட்டும் யோசிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* 12.75 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினா பயப்படாதீங்க. 12.85 லட்சம்னா வரி 61,500 இல்ல; கூடுதலா வந்த 10,000-மும் செஸ்ஸும்தான்.
* ஷேர் வித்த லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. குறுகிய கால லாபத்துக்கு 20% தனி.
* கம்பெனி உங்க என்.பி.எஸ். கணக்குல போடுற பணத்துக்கு, பேசிக் + டி.ஏ.-ல 14% வரை புதிய முறையிலயும் கழிவு உண்டு. ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க.
* தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரங்க வருஷாவருஷம் முறையை மாத்திக்கலாம். பழைய முறை வேணும்னா ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள போட்டாகணும்.
* 2026 ஏப்ரல் 1-ல இருந்து புதிய வருமான வரிச் சட்டம் அமல். 80சி இனி 123-வது பிரிவு. பேர் மாறினதைக் காட்டி "புது ஸ்கீம்"னு யாராவது வித்தா உஷார்!

சேமிப்பே வேண்டாம்னு சொல்லல. டேர்ம் இன்ஷூரன்ஸ், பி.பி.எஃப். எல்லாம் தேவைன்னா போடுங்க. ஆனா வரிக்காகன்னு மட்டும் போடாதீங்க. இன்னைக்கே சம்பள ஸ்லிப்பை எடுங்க, வருமான வரித்துறை தளத்துல இருக்கற கால்குலேட்டர்ல ரெண்டு முறையையும் போட்டுப் பாருங்க. அப்புறமா அந்த அண்ணனுக்குப் பதில் சொல்லுங்க.