ஒன்றரை மாத ஊசிக்குக் கிளம்பும் பை

பிரசவம் முடிந்து வீடு வந்த தாயும் சேயும் மறுபடி வெளியே கிளம்புவது பெரும்பாலும் 45ஆம் நாள் ஊசிக்குத்தான். நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் 6ஆவது வாரம் என்று இருப்பதைத்தான் நம் ஊர்களில் அப்படிச் சொல்கிறோம். புதன்கிழமை காலையில் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், வரிசையில் காத்திருந்து, ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, வீடு திரும்புவதற்குள் 3, 4 மணி நேரம் ஓடிவிடும்.

அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியவை பால், ஈரமில்லாத உடம்பு, அளவான கதகதப்பு. இந்த மூன்றுக்கும் உதவாத எதையும் சுமக்கத் தேவையில்லை. பையில் மிச்சமாகும் இடம் தாய்க்குச் சேர வேண்டியது. நடைமுறையில் அவளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்க மறந்துவிடுகிறார்கள்.

முதலில் அட்டை

எதை மறந்தாலும் தாய் சேய் நல அட்டையை மறக்கக் கூடாது. பிறந்த எடை, பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி., மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, கொடுத்த போலியோ சொட்டு எல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டையும் அதோடு வையுங்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பாலுக்குப் பாத்திரம் தேவையில்லை

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஃப்ளாஸ்க், பாட்டில், நிப்பிள் எதுவும் வேண்டாம். முன்பக்கம் திறக்கும் உடையும், மறைத்துக்கொள்ள அகலமான ஒரு பருத்தித் துப்பட்டாவும் போதும். வழியில் பேருந்து நிலையம் வந்தால், தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று 2015இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தனி அறைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து நிதானமாகக் கொடுக்கலாம். கூச்சத்தினால் ஒரு வேளைப் பாலைத் தள்ளிப்போட்டால் குழந்தை சோர்ந்துபோகும், தாய்க்கு மார்பு கட்டிக்கொள்ளும்.

சொட்டு மருந்து கொடுப்பார்கள், அதனால் முன்னால் பால் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். அது சரியல்ல. போலியோ சொட்டுக்கும் ரோட்டா சொட்டுக்கும் முன்னாலும் கொடுக்கலாம், பின்னாலும் கொடுக்கலாம். ஊசி போடும்போதே பால் கொடுத்தால் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் இதைப் பரிந்துரைத்தது. செவிலியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பீய்ச்சி எடுத்த பாலைக் கொண்டுபோக வேண்டியிருந்தால் மூடியுள்ள சுத்தமான பாத்திரமும் பாலாடையும் போதும். 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் அந்தப் பால் 4 மணி நேரம் தாங்கும். நம் வெயிலில் அத்தனை நேரத்தை நம்ப வேண்டாம், ஐஸ் பேக் வைத்த பையில் வையுங்கள். மருத்துவர் சொல்லிப் பால்பொடி கொடுப்பவர்கள் வீட்டிலேயே கலக்கிக் கொண்டுபோகக் கூடாது. கொதித்த வெந்நீரைத் தனியாக ஃப்ளாஸ்கிலும், அளந்த பொடியை உலர்ந்த டப்பாவிலும் எடுத்துப் போய், கொடுக்கும் நேரத்தில் கலந்து, ஆறவைத்துப் புகட்டுங்கள். பொடியிலும் கிருமி இருக்கலாம் என்பதால் கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும்.

சித்திரை வெயிலானாலும் 6 மாதம் முடியும் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தரக் கூடாது. தாகத்துக்கும் தாய்ப்பாலே போதும்.

டயப்பரா, துணியா?

இரண்டில் எதுவானாலும் சரி. ஈரத்தோடு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் குழந்தையின் தோலுக்கு முக்கியம். 2 மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, அதற்கு மேல் இரண்டு டயப்பர் கூடுதலாக வையுங்கள். துணி கட்டுபவர்கள் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு எடுக்க வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டால் அதற்கு ஈடான துணி கடையில் கிடைக்காது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை மஞ்சளாக, தளர்வாக, நாளுக்குப் பலமுறை போவது இயல்பு. வயிற்றுப்போக்கென்று பயப்பட வேண்டாம்.

மாற்றுவதற்கு மடிக்கும் ரப்பர் விரிப்பு ஒன்று, அதன்மேல் போட ஒரு துணி, பஞ்சு, ஒரு சின்ன பாட்டிலில் ஆறிய வெந்நீர். வைப்ஸ் வாங்கினால் மணமும் ஆல்கஹாலும் இல்லாததாகப் பாருங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னோக்கித்தான் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். ஒற்றித் துடைத்து, அரை நிமிடம் காற்றாட விட்டு, அப்புறம் கட்டுங்கள். இடுக்குகளில் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவலாம்.

ரோட்டா சொட்டு கொடுத்த பிறகு சில நாட்களுக்கு அந்தத் தடுப்பூசி வைரஸ் மலத்தில் வெளியேறும். குழந்தைக்கு அதனால் தீங்கில்லை, ஆனால் மாற்றிவிட்டவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் அதற்கு முழு மாற்றாகாது, ஆகவே ஒரு துண்டு சோப்பும் பையில் இருக்கட்டும். அழுக்கான துணிக்குத் தனி உறை. டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும். அதை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் நம்மைப் போலவே கைகள்தான். திடக்கழிவு விதிகளும் அப்படிச் சுற்றிக் கொடுக்கத்தான் சொல்கின்றன.

சட்டையும் குல்லாவும்

இந்தத் தவணையில் இரண்டு தொடையிலும் வலது மேற்கையிலும் ஊசி இருக்கும். அதனால் கையும் காலும் இறுகிய ஃபேன்சி உடுப்பு வேண்டாம், முன்னால் முடிச்சுப் போடும் பருத்திச் சட்டையே வசதி. கக்கினால் மாற்ற இன்னொரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஏ.சி. இருந்தால் குல்லா, சாக்ஸ், ஒரு போர்வை வேண்டும். வெளியே இறங்கியதும் கழற்றிவிடுங்கள். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்: வியர்த்திருந்தால் துணி அதிகம், சில்லென்றிருந்தால் குறைவு.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய சேலையை எடுத்துக் குழந்தையைச் சுற்றாதீர்கள். அதிலுள்ள நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதென்று பார்த்தால் தெரியாது. பாட்டி ஆசையாக எடுத்து வைத்த துணியாக இருந்தாலும் துவைத்து, வெயிலில் உலர்த்தி, வாசனை முழுவதும் போன பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

இடது கையில் பி.சி.ஜி. போட்ட இடம் இந்தச் சமயத்தில் வீங்கிச் சீழ் வைக்கலாம். அது இயல்புதான். அதற்கு மருந்தும் வேண்டாம், கட்டும் வேண்டாம்.

பச்சை உடம்புக்காரிக்கு

பிரசவத்துக்குப் பிறகான உதிரப்போக்கு 6 வாரம் வரை விட்டுவிட்டு இருக்கலாம். நாப்கின் இரண்டு, மாற்று உள்ளாடை, பால் கசிந்தால் மாற்ற ஒரு ஜாக்கெட், தண்ணீர், வயிறு நிறையும்படி ஏதாவது உணவு, இரும்புச்சத்து மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுபவர் என்றால் அதுவும் பையில் இருக்க வேண்டும். பால் கொடுக்கும் உடம்புக்குப் பசியும் தாகமும் அதிகம், வரிசையில் நிற்கும்போது தலைசுற்றி விழுந்தால் கையில் குழந்தை இருக்கும்.

பையை அவள் தூக்கக் கூடாது. சிசேரியன் ஆனவர் 6 வாரம் வரை குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. கணவரோ மாமியாரோ அண்ணனோ, பை இன்னொருவர் தோளில்தான் வர வேண்டும்.

வீட்டிலும் வேண்டாதவை

கிரைப் வாட்டர், வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், தேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். கண்மையில் ஈயம் இருக்கலாம். பவுடர் மூச்சில் ஏறும். கற்பூரம் சேர்ந்த தைலம் கைக்குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கலாம். 2 மாதத்துக்குள் கொசு விரட்டும் களிம்பு வேண்டாம், கொசுவலை போதும்.

பாராசிட்டமாலில்தான் அதிகக் கவனம் வேண்டும். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. எடையைப் பார்த்து செவிலியரோ மருத்துவரோ எழுதிக் கொடுத்த அளவை மட்டும், அந்த மருந்தோடு வந்த அளவுகோலால் மட்டும் கொடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் அழுகையும் எதிர்பார்க்கக் கூடியவை. ஆனால் பால் குடிக்க மறுத்தால், கூப்பிட்டாலும் அசைவில்லாமல் துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு விட்டால், விலா உள்வாங்கினால், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள். அந்த ஓரிரு நாளைத் தவிர வேறு நாளில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அதற்காகவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் பையில் எப்போதும் இருக்கட்டும்.

அன்று இரவே ஈரத் துணிகளை வெளியே எடுத்துவிட்டு, தீர்ந்ததை மறுபடி நிரப்பி வையுங்கள். அடுத்த தவணை 10ஆவது வாரத்தில் வரும். அதற்குள் குழந்தை எடை கூடியிருக்கும். கிளம்புவதற்கு முன்னால், பையில் கிடக்கும் சட்டையும் டயப்பரும் அப்போதைய அளவுக்குப் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.